நான்கு மாதமும் ஒரு நாளும்

(தரவுத்தளங்களில் தேதிக் கணக்கு குறித்துக் கணினி அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1978 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தில் ஒரு கட்டட உரிமையாளர் தம் வாடகைதாரருக்கு நோட்டீஸ் கொடுத்தார். தொழில் நடத்தும் இடங்களின் வாடகை பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொடுத்த நோட்டீஸ் அது. புதிய குத்தகை வேண்டுமென்றால் நான்கு மாதத்துக்குள் வாடகைதாரர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அவர் 1979 ஜனவரி 31 அன்று போட்டார். நோட்டீஸ் கொடுத்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என முழுதாக நான்கு மாதம், அதாவது ஜனவரி 31 வரை தமக்கு நேரம் உண்டு என்றார். இல்லை, 30-ஆம் தேதி கொடுத்த நோட்டீஸுக்கு நான்காம் மாதத்தின் 30-ஆம் தேதியே கடைசி நாள் என்றது எதிர்த்தரப்பு. வழக்கு பிரபுக்கள் அவை வரை போயிற்று. 1981-இல் தீர்ப்பு வந்தது: மாதங்களின் நீளம் எப்படி இருந்தாலும், தொடங்கிய தேதிக்கு நேரான தேதியில் காலம் முடிகிறது. வாடகைதாரர் ஒரு நாள் பிந்திவிட்டார். சட்டம் படித்தவர்கள் ‘டாட்ஸ் எதிர் வாக்கர்’ என்று இந்த வழக்கைச் சொல்வார்கள்.

கணினி மாணவர்களிடம் இதை ஏன் சொல்கிறேன்? அதே கேள்வியை நம் தரவுத்தளங்களிடம் கேட்டால் அவையும் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் நான்கும் 1978 செப்டம்பர் 30-உடன் நான்கு மாதம் கூட்டினால் 1979 ஜனவரி 30 என்கின்றன. ஆரக்கிளில் ‘ஆட்_மன்த்ஸ்’ என்ற ஃபங்ஷனால் கூட்டினால் ஜனவரி 31 வரும். தொடங்கும் தேதி மாதத்தின் கடைசி நாளாக இருந்தால் விடையும் மாதத்தின் கடைசி நாளாகவே இருக்கும் என்பது அந்த ஃபங்ஷனின் விதி. கையேட்டில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அதே ஆரக்கிளில் ‘இன்டர்வெல்’ வழியாகக் கூட்டினால் ஜனவரி 30. வாடகைதாரரின் வாதமும் உரிமையாளரின் வாதமும் ஒரே மென்பொருளுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. எதை அழைக்கிறோமோ அந்தக் கட்சி வெல்லும்.

நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான். விநாடியும் மணியும் அளவுகள். மாதமும் ஆண்டும் அப்படிப்பட்ட அளவுகள் அல்ல, அவை விதிகள். க்வெரியில் ‘ஒரு மாதம் கூட்டு’ என்று எழுதும்போது நாம் ஒரு விதியை அமல்படுத்துகிறோம். அந்த விதி எது என்று முடிவு செய்யும் உரிமை சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் உண்டு. வாக்குக் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உண்டு. அவர்களைக் கேட்காமல், மென்பொருள் தானாகச் செய்வதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடும் பழக்கம் நம் தொழிலில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும்.

இந்த வேறுபாட்டை எஸ்க்யூஎல் மொழியை வகுத்தவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். 1992-இல் வந்த தரநிலை காலஇடைவெளிகளை இரண்டு இனமாகப் பிரித்தது. ஆண்டும் மாதமும் ஓர் இனம். நாள், மணி, நிமிடம், விநாடி மற்றோர் இனம். இரண்டையும் ஒரே இடைவெளியில் கலக்க அந்தத் தரநிலை இடம் தரவில்லை. ஓர் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்பது எப்போதும் மாறாது. ஒரு மாதத்துக்கு இத்தனை நாள் என்பதுதான் மாறிக்கொண்டே இருக்கும். எங்கே பாலம் இல்லையோ அங்கே சுவர் எழுப்பினார்கள். மிக நேர்மையான முடிவு என்று நான் கருதுகிறேன்.

போஸ்ட்கிரெஸ் அந்தச் சுவரைத் தாண்டி இரண்டையும் கலக்க விடுகிறது. ஆனால் உள்ளே இடைவெளியை மூன்று தனித்தனி எண்களாக வைத்துக்கொள்கிறது: மாதங்கள், நாட்கள், மைக்ரோவிநாடிகள். ஒன்றை மற்றொன்றாக அது மாற்றிவிடுவதில்லை. தேதியோடு கூட்டும்போது முதலில் மாதம், பிறகு நாள், கடைசியில் நேரம் என்ற வரிசையில் கூட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு இடைவெளிகளை ஒப்பிடச் சொன்னால் அதற்கு வேறு வழி கிடையாது. மாதத்தை முப்பது நாளாகவும் நாளை இருபத்து நான்கு மணியாகவும் வைத்துக்கொண்டுதான் ஒப்பிடும். அதனால் ‘ஒரு மாதமும் முப்பது நாளும் சமமா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று பதில் வரும். அதே இரண்டையும் ஜனவரி 1-உடன் கூட்டிப் பாருங்கள்: ஒன்று பிப்ரவரி 1, மற்றொன்று ஜனவரி 31. சமம் என்று சொல்லப்பட்ட இரண்டு பொருள்கள் வேறு வேறு விடையைத் தருகின்றன. வாடிக்கையாளரின் தவணைக் காலத்தை ‘இன்டர்வெல்’ நெடுவரிசையில் சேமித்து, அதை ‘க்ரூப் பை’ போட்டு எண்ணுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. முப்பது நாள் திட்டமும் ஒரு மாதத் திட்டமும் ஒரே குவியலில் விழுந்துவிடும்.

நம் நாட்டுச் சட்டத்திலேயே இந்த இரண்டு இனமும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வரும் இடம் உண்டு. 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, நடுவரின் தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதம் உண்டு; போதிய காரணம் காட்டினால் அதற்கு மேலும் முப்பது நாள் வரை நீதிமன்றம் ஏற்கலாம், அதற்கப்பால் கூடாது. மூன்று மாதம் என்றால் 90 நாள்தானே என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. இமாச்சலப் பிரதேச அரசு எதிர் இமாச்சல் டெக்னோ எஞ்சினியர்ஸ் வழக்கில் 2010-இல் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மூன்று மாதம் 90 நாள் அல்ல. அந்தத் தீர்ப்பு, நான் முதலில் சொன்ன டாட்ஸ் வழக்கையும் சான்றாக எடுத்துக்கொண்டது.

இதை க்வெரியாக எழுதிப் பாருங்கள். தீர்ப்பின் நகல் 2024 நவம்பர் 18 அன்று கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கூட்டினால் 2025 பிப்ரவரி 18. அதன் மேல் முப்பது நாள் கூட்டினால் மார்ச் 20. ஒருவர் ‘மொத்தம் 120 நாள்’ என்று சுருக்கி எழுதினால் மார்ச் 18. இன்னொருவர் முப்பது நாளை முதலில் கூட்டிவிட்டுப் பிறகு மூன்று மாதம் கூட்டினால் டிசம்பர் 18 வழியாக அதே மார்ச் 18. கூட்டலில் வரிசை மாறினால் விடை மாறாது என்று தொடக்கப்பள்ளியில் படித்தோம். தேதிக் கூட்டலில் அது செல்லாது. மார்ச் 19-ஆம் தேதி ஒரு கட்சிக்காரர் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருகிறார்; அங்கே இருக்கும் மென்பொருள் ‘காலம் கடந்துவிட்டது’ என்று சிவப்பில் காட்டுகிறது. அவருக்கு உண்மையில் இன்னும் ஒரு நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளை அவரிடமிருந்து பறித்தது ஒரு க்வெரி.

மாதக் கடைசிதான் இந்தப் பாடத்தின் மையம் என்பதால் அங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். 2024 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டுங்கள். பிப்ரவரியில் 31 இல்லை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றும் பிப்ரவரி 29-க்கு இறக்கிக்கொள்கின்றன. எஸ்க்யூலைட், இல்லாத பிப்ரவரி 31-ஐ எழுதி, மிஞ்சிய நாட்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளி, மார்ச் 2 என்று தரும். 2024-இல் வந்த 3.46 பதிப்பிலிருந்து ‘ஃப்ளோர்’ என்று சேர்த்துக் கேட்டால் அதுவும் 29-க்கு இறங்கும். ஆரக்கிளின் ‘இன்டர்வெல்’ கூட்டலோ அப்படி ஒரு தேதி இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். பலர் இந்தக் கடைசி நடத்தையைக் குறை சொல்வார்கள். எனக்கு அதன் மீது மதிப்பு உண்டு. விதி தெரியாத இடத்தில் ஊகிக்காமல் நம்மைக் கேட்கிறது.

29-க்கு இறங்கியபின் நடப்பதுதான் பெரிய தொல்லை. அந்த 29-லிருந்து மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 29. ஜனவரி 31-லிருந்து நேராக இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. பிப்ரவரி 29-லிருந்து ஒரு மாதம் கழித்தால் ஜனவரி 29. கிளம்பிய இடத்துக்கு நாம் திரும்பவே இல்லை. 31-ஆம் தேதி சந்தா சேர்ந்த ஒருவருக்கு, ‘அடுத்த தேதி = போன தேதி + ஒரு மாதம்’ என்று மாதாமாதம் புதுப்பித்தால், முதல் பிப்ரவரியிலேயே அவர் 28-க்கோ 29-க்கோ சரிந்துவிடுவார். அதன்பின் ஏறவே மாட்டார். போஸ்ட்கிரெஸின் ‘ஜெனரேட்_சீரிஸ்’ இப்படித்தான் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகும்: ஜனவரி 31, பிப்ரவரி 29, மார்ச் 29, ஏப்ரல் 29. மருந்து எளியது. தொடக்கத் தேதியை ஒரு நெடுவரிசையில் தொடாமல் வையுங்கள். எத்தனையாவது தவணை என்ற எண்ணை மாதத்தால் பெருக்கி, ஒவ்வொரு முறையும் அந்த மூலத் தேதியிலிருந்தே கூட்டுங்கள். ஐந்தாம் தவணைக்கு நான்காம் தவணையின் தேதியைத் தொடவே வேண்டாம். இந்த அவையில் உள்ளவர்கள் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போவதென்றால் இதை எடுத்துப்போகச் சொல்வேன்.

ஆண்டைக் கூட்டுவதிலும் இதே பள்ளம் உண்டு. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகக்கணிமைச் சேவை பெரும் தடங்கலைச் சந்தித்தது. என்ன நடந்தது என்பதை அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. அதைப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்குள்ளும் இயங்கும் ஒரு சிறு நிரல், ஓராண்டுக்குச் செல்லும் சான்றிதழ் ஒன்றை உண்டாக்கும். முடியும் தேதியைக் கண்டுபிடிக்க, இன்றைய தேதியில் ஆண்டு எண்ணோடு மட்டும் ஒன்றைக் கூட்டியது. 2013 பிப்ரவரி 29 என்று ஒரு நாளே கிடையாது. சான்றிதழ் உருவாகவில்லை, நிரல் நின்றது. மேலே இருந்த கட்டுப்பாட்டு மென்பொருள் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, வன்பொருள் பழுது என்று முடிவு கட்டி, அந்த வேலைகளை வேறு இயந்திரங்களுக்கு மாற்றியது. அங்கும் அதே கதை, பழுது பரவியது. தேதியை மூன்று எண்களாகப் பிரித்து ஒன்றை மட்டும் தொட்டால் இதுதான் விளைவு. தரவுத்தளத்தின் ஃபங்ஷனிடம் ‘ஓர் ஆண்டு கூட்டு’ என்று கேட்டிருந்தால், பெரும்பாலானவை பிப்ரவரி 28-ஐக் கொடுத்திருக்கும்.

கழித்தலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தேதிகளுக்கு நடுவே கழித்தல் குறி போட்டால் போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் நாட்களின் எண்ணிக்கையைத் தரும். மைஎஸ்க்யூஎல் தேதிகளை எட்டு இலக்க எண்களாக மாற்றிக் கழிக்கும். 2024 மார்ச் 1-லிருந்து பிப்ரவரி 28-ஐக் கழித்தால் வர வேண்டியது 2. அங்கே வருவது 73. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதே ஆபத்து. ‘டேட்டிஃப்’ ஃபங்ஷனைத்தான் அழைக்க வேண்டும். ஆனால் அதே பெயருள்ள ஃபங்ஷன் எஸ்க்யூஎல் சர்வரில் வேறு வேலை செய்கிறது. அது கடந்து போன எல்லைக்கோடுகளை எண்ணும். 2023 டிசம்பர் 31-க்கும் 2024 ஜனவரி 1-க்கும் நடுவே எத்தனை ஆண்டு என்று கேட்டால் ஒன்று என்கும், ஏனென்றால் ஒரு புத்தாண்டு நடுவில் வந்துவிட்டது. இதைக் கொண்டு வயதைக் கணக்கிட்டால் டிசம்பர் 31 அன்று பிறந்த குழந்தைக்கு மறுநாளே ஒரு வயது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இந்தப் பிழை சத்தமில்லாமல் கூடவே குடிபெயர்கிறது.

அறிக்கைகளில் மாதக் கணக்கு எடுப்பவர்கள் ‘பிட்வீன்’ போட்டு ஜனவரி 1 முதல் ஜனவரி 31 வரை என்று எழுதுவார்கள். நெடுவரிசையில் நேரமும் சேர்ந்திருந்தால், 31-ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டிய ஒவ்வொரு விற்பனையும் விடுபட்டுப்போகும். அதற்காக இரவு 11 மணி 59 நிமிடம் 59.999 விநாடி என்று எழுதுவதும் உதவாது. எஸ்க்யூஎல் சர்வரின் பழைய ‘டேட்டைம்’ வகை அதை அடுத்த நாள் நள்ளிரவாக முழுமையாக்கிவிடும், பிப்ரவரியின் முதல் கணமும் ஜனவரிக்குள் வந்துவிடும். தொடக்கத்தைச் சேர்த்து, முடிவைச் சேர்க்காமல் எழுதுங்கள்: ஜனவரி 1-க்குச் சமமோ அதிகமோ, ஜனவரி 1-உடன் ஒரு மாதம் கூட்டியதைவிடக் குறைவு. அப்போது ஒரு மாதத்தின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே புள்ளியில் பொருந்தும். எதுவும் விடுபடாது, எதுவும் இரண்டு முறை எண்ணப்படாது. முதல் தேதியோடு மாதம் கூட்டுவதில் எந்தத் தரவுத்தளமும் முரண்படாது என்பது கூடுதல் நன்மை.

கூட்டலை எந்தப் பக்கம் எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ‘பதிவுத் தேதியோடு முப்பது நாள் கூட்டினால் இன்றைக்கு முன்னால் வருபவை’ என்று எழுதினால், தரவுத்தளம் ஒவ்வொரு வரிசையையும் எடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்த நெடுவரிசைக்குப் போட்ட இன்டெக்ஸ் பயன்படாது. ‘இன்றிலிருந்து முப்பது நாள் கழித்ததற்கு முன்னால் உள்ள பதிவுத் தேதிகள்’ என்று எழுதினால், கழித்தல் ஒரே முறை நடக்கும், பிறகு இன்டெக்ஸ் வழியாக நேராகப் போய் எடுத்துவிடலாம். நாட்களுக்கு இரண்டும் ஒரே விடை. மாதத்துக்கு அப்படியல்ல. இறங்கிக்கொள்ளும் விதியால் மாதக் கடைசிகளில் இரண்டு பக்கமும் வேறு வேறு வரிசைகளைத் தரக்கூடும். வேகத்துக்காகப் பக்கம் மாற்றுகிறவர்கள் விதியையும் சேர்த்து மாற்றிவிடவில்லையா என்று பார்க்க வேண்டும்.

நாள் என்றால் 24 மணி நேரம் என்பதும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரம் மூன்றுக்குத் தாவியது. முந்தைய நாள் நண்பகலோடு ‘ஒரு நாள்’ கூட்டினால் போஸ்ட்கிரெஸ் மறுநாள் நண்பகல் என்கும். ‘24 மணி’ கூட்டினால் பிற்பகல் ஒரு மணி என்கும். இரண்டும் சரி. மருந்து வேளைக்கும் மருத்துவரின் சந்திப்பு நேரத்துக்கும் வேறு வேறு கூட்டல் வேண்டும், அவ்வளவுதான்.

இது அமெரிக்கர்களின் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். இலங்கை 1996 மே மாதம் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரல் 15 அதிகாலையில் மேலும் அரை மணி இழுத்துப் பழைய ஐந்தரை மணி வித்தியாசத்துக்கே திரும்பியது. 2006 ஏப்ரல் 14 இரவு பத்து மணிக்கு வேலைக்கு வந்து மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன ஒரு தாதி எட்டரை மணி நேரம் உழைத்திருக்கிறார். நேர மண்டலம் இல்லாத ‘டைம்ஸ்டாம்ப்’ நெடுவரிசையில் கழித்தால் எட்டு மணி என்றுதான் வரும். ‘ஏசியா/கொழும்பு’ என்ற மண்டலத்தைச் சொல்லிச் சேமித்திருந்தால் எட்டரை வரும், ஏனென்றால் உலக நேர மண்டலத் தொகுப்பில் அந்த இரவு பதிவாகியிருக்கிறது. சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் 1981 டிசம்பர் 31-க்கு இருபத்து மூன்றரை மணி நேரம்தான். இரவு பதினொன்றரை மணியோடு அந்த ஆண்டு முடிந்தது.

நம் தமிழ் மாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சூரியன் ராசி மாறும் கணத்தை ஒட்டி அவை தொடங்குவதால் 29 நாள் முதல் 32 நாள் வரை நீளம் மாறும். ‘ஆண்டுதோறும் ஐப்பசி 3 அன்று அர்ச்சனை’ என்று பதிவு வாங்கும் கோயில் மென்பொருளுக்கு ‘ஓர் ஆண்டு கூட்டு’ உதவாது. அந்தந்த ஆண்டின் பஞ்சாங்கத்தை ஒரு அட்டவணையாக ஏற்றி, அதில் தேடி எடுப்பதே வழி.

கடைசியாக, விதியை முழுதாக எழுதி வைத்திருக்கும் ஓர் எடுத்துக்காட்டு. மத்திய அரசின் அடிப்படை விதி 56-இன்படி, ஊழியர் 60 வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாளில். இதை இரண்டு கிளையாக எழுதத் தேவையில்லை. பிறந்த தேதியோடு 60 ஆண்டு கூட்டி, ஒரு நாள் கழித்து, வரும் தேதியின் மாதக் கடைசியை எடுங்கள். 1965 ஜூன் 1 அன்று பிறந்தவர் 2025 மே 31. ஜூன் 2 அன்று பிறந்தவர் 2025 ஜூன் 30. மைஎஸ்க்யூஎல்லிலும் ஆரக்கிளிலும் ‘லாஸ்ட்_டே’ என்ற ஃபங்ஷன் அந்தக் கடைசிப் படியைச் செய்துவிடும்.

ஆனால் அந்த 60 என்ற எண்ணை க்வெரிக்குள் எழுதாதீர்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவிக்கப்பட்டது. ஓய்வுத் தேதியைக் கணக்கிட்டு ஒரு நெடுவரிசையில் உறைய வைக்கும் நிரல் என்றால், ஓராண்டுக்குள் இரண்டு முறை எல்லா வரிசைகளையும் திருத்த வேண்டியிருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்த வயது என்ற சிறிய அட்டவணை ஒன்று தனியாக இருந்தால், அரசாணை வரும்போது அதில் ஒரு வரிசை சேர்த்தால் போதும். பிறந்த தேதி மாறாது, விதி மாறும். இரண்டையும் தனித்தனியே வையுங்கள்.

நாளை நீங்கள் எழுதும் சோதனைகளில் ஜனவரி 29, 30, 31 மூன்றும் இருக்கட்டும். லீப் ஆண்டின் பிப்ரவரி 29 இருக்கட்டும். செப்டம்பர் 30-உம் இருக்கட்டும், அங்கேயும் ஆரக்கிளின் இரண்டு வழிகளும் பிரிகின்றன. நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத 2100-இன் பிப்ரவரி 28-உடன் ஒரு நாள் கூட்டி, மார்ச் 1 வருகிறதா என்று பாருங்கள். 99 ஆண்டுக் குத்தகை எழுதும் அலுவலகங்களுக்கு அந்த ஆண்டு இப்போதே வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் சரியான விடை எது என்பதைத் தரவுத்தளத்தை ஓட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளாமல், அந்தக் கணக்குக்கு உரியவரிடம் கேட்டு, அவர் கையால் எழுதி வாங்குங்கள்.